பாதி வசனம் போதாது, ஐயா: செந்தூல் சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

போதகர் ஐயாவுக்கும் சபை மூப்பர்களுக்கும்,

ஜூலை முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அறிவிப்புப் பலகையில் உங்கள் சுற்றறிக்கையைப் படித்தேன். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நடக்கும் தேச ஜெபம், அந்த முழு இரவு ஜெபம், இனி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக ஆகஸ்ட் 30 அன்று ஒரு ஹோட்டல் மண்டபத்தில் 'தேச ஆசீர்வாத இரவு' நடக்குமாம். மேசைக்கு 1,000 வெள்ளி (ரிங்கிட்). இந்தியாவிலிருந்து ஓர் ஊழியர் வருகிறார். காரணமாக மூன்று வரிகள்: ஜெபத்துக்கு வருகிறவர்கள் குறைவு, பாவ அறிக்கை வாலிபருக்குச் சோர்வைத் தருகிறது, தேசத்தின் மேல் ஆசீர்வாதத்தை 'அறிக்கையிட' வேண்டிய காலம் இது.

இதைப் பற்றி இரண்டு முறை உங்களுக்குக் கடிதம் கொடுத்தேன். பதில் வரவில்லை. ஒரு மூப்பர் மட்டும் ஆலயப் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "இதப் பெருசாக்காதீங்க அக்கா" என்றார். இது பெரிய விஷயம்தான் ஐயா. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். சபையின் பெயரையோ உங்களில் யாருடைய பெயரையோ எழுதவில்லை. நீங்கள் படித்தால் யாருக்கு என்று தெரியும்.

இந்த ஜெபம் எப்படி ஆரம்பித்தது என்று சுற்றறிக்கையை எழுதியவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. கோலாலம்பூரில் 1969 மே 13 இனக்கலவரத்தின்போது எனக்கு எட்டு வயது. அப்பாவுக்கு செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ஊரடங்கு போட்ட நாட்களில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்து, விளக்குத் திரியை இறக்கி வைத்துவிட்டு அப்பா வாசலோரமே படுத்துக்கொள்வார். அரிசி தீர்ந்துபோன அன்று, பின்வரிசையில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒரு பால் டின் நிறைய அரிசியை வேலிக்கு மேலே நீட்டினார். அதை வாங்கும்போது அம்மாவின் கை நடுங்கியதில் கொஞ்சம் அரிசி மண்ணில் சிந்தியது. அவரைக் கண்டு பயமில்லை. அவர் நமக்குக் கொடுப்பதை யாராவது பார்த்து அவருக்கு ஏதாவது செய்துவிடுவார்களோ என்றுதான் பயம். அம்மா அன்று மாலை அந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு, ஒரு பகலில், நான்கு குடும்பங்கள் எங்கள் வீட்டு முன்கூடத்தில் முழங்கால்படியிட்டன. 'எங்களைக் காப்பாற்றும்' என்று கேட்கத்தான் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பட்டறையில் கொல்லராக இருந்த ஒரு பெரியவர்தான் முதலில் வாய் திறந்தார். "ஆண்டவரே, நாங்களும் வீட்டுக்குள்ளே உட்கார்ந்துகொண்டு மற்ற ஜனங்களைப் பற்றி என்னென்ன பேசினோம். எல்லாம் நீர் கேட்டீர்" என்று சொல்லி அழுதார். பெரிய மனிதர்கள் அழுவதை முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன். அப்புறம் அது மாதாமாதம் நடந்தது. கலவரத்தால் முடக்கப்பட்ட நாடாளுமன்றம் 1971 பிப்ரவரியில் மறுபடியும் கூடும் வரை எங்கள் வீட்டிலேயே நடந்து, பிறகு ஆலயத்துக்கு வந்தது. இடையில் 1970 ஆகஸ்ட் 31 அன்று ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு பிரகடனமானது. 'இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்' என்ற முதல் கோட்பாட்டைப் பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு வந்து அப்பாவிடம் ஒப்பித்தேன். "வாயால சொல்லிட்ட. நாளைக்கு யாருகிட்ட சண்ட போட்டன்னு வெள்ளிக்கிழம கேப்பேன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையைத்தான் மூன்று வரியில் முடித்திருக்கிறீர்கள்.

கடந்த சில ஆண்டுகளாக அந்த இரவுக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன், அங்கே என்ன நடக்கும் என்று. பத்து மணிக்கு ஒரு சங்கீதம் வாசிப்போம். அப்புறம் மேள தாளம் இருக்காது. அவரவர் முழங்காலில் நிற்க, முதல் இரண்டு மணி நேரம் பாவ அறிக்கை. தேசத்தின் பாவத்தை அறிக்கையிடும் முன் நம்முடையதை அறிக்கையிட வேண்டும் என்பது அந்தப் பெரியவர் காலத்து ஒழுங்கு. அதற்குப் பிறகுதான் மாமன்னருக்காக, பிரதமருக்காக, நீதிபதிகளுக்காக, ஆசிரியர்களுக்காக, மருத்துவமனைகளுக்காக ஜெபம். விடியற்காலை நான்கு மணிக்கு வரக்காப்பி, ரொட்டி. முடிந்தது.

தூணோரமாக ஒரு பாட்டி இருப்பார். 84 வயது. பழைய துண்டை நான்காக மடித்து முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொள்வார். சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில், சுதந்திரத்துக்கு முன்பே பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுத்து வைக்கத் தாய் தகப்பனுக்குத் தெரியவில்லை. இன்றுவரை அவர் கையில் இருப்பது, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை. இந்த மண்ணை விட்டு வெளியே ஒரு நாள்கூடப் போகாதவர், ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போட்டதில்லை. 2018 மே 9 அன்று ஓட்டுப் போட்டுவிட்டு நாங்கள் நாலைந்து பேர் ஆலயத்துக்குப் போனோம். பாட்டி என் கையைப் பிடித்து, மை வைத்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து வந்த ஜெப இரவில் புதிய அரசாங்கத்துக்காக எல்லாரையும்விட அதிக நேரம் ஜெபித்தது அவர்தான். அவருடைய ஜெபம் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "ஆண்டவரே, நாங்க பாவம் செஞ்சோம். எங்க தேசத்தக் கைவிட்றாதீங்க." குடிமக்களுக்கான நீல அட்டையைக் கொடுக்காத நாட்டை 'எங்க தேசம்' என்று சொல்ல அவருக்கு ஒரு நாளும் நாக்கு கூசியதில்லை. ஜூலையில் ஜெபம் இல்லாமல் போனதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் என்னிடம் கேட்கிறார், அடுத்த வெள்ளி எப்போது என்று.

சரி, வருகிறவர்கள் குறைவு என்ற காரணத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் 14 பேர் இருந்தோம். உண்மைதான். சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பதில் தொடங்கிப் பத்துப் பேர் வரைக்கும் இறங்கி வந்து கேட்டார். பத்து நீதிமான்கள் இருந்தாலும் அந்தப் பட்டணத்தை அழிப்பதில்லை என்று கர்த்தர் சொன்னார். இதே பகுதியை இதே பிரசங்க பீடத்தில் நின்று போதகர் ஐயா நீங்கள்தான் எங்களுக்கு விளக்கினீர்கள். பதினாலு பேரைக் கர்த்தர் குறைவு என்று சொல்ல மாட்டார். அந்த ஜூன் மாத இரவில் உங்களில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

பாவ அறிக்கையால் என்ன பயன் என்று உங்களில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

2019-இல் ஒரு வெள்ளி இரவு ஏசாயா 58 வாசித்தோம். 'அக்கிரமத்தின் கட்டுகளை அவிழ்க்கிறது'தான் எனக்கு உகந்த உபவாசம் என்று கர்த்தர் சொல்லும் அதிகாரம். இரண்டு மணி இருக்கும். துப்புரவு குத்தகை எடுத்து நடத்தும் ஒரு சகோதரர் எழுந்து நின்றார். தன்னிடம் வேலை செய்யும் 11 வெளிநாட்டுப் பையன்களின் கடப்பிதழ்கள் (பாஸ்போர்ட்) தன் மேசை டிராயரில் பூட்டிக் கிடப்பதாகவும், அவர்களுக்குச் சேர வேண்டிய ஓவர்டைம் காசை ஆறு மாதமாக நிறுத்தி வைத்திருப்பதாகவும் சொன்னார். ஓடிப்போய்விடுவார்கள் என்ற பயத்தில் எல்லா முதலாளிகளும் செய்வதுதானே என்று அதுவரை நினைத்தாராம். பிறர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அது அவருக்கு முன்பே தெரியும். சட்டம் தெரிந்து கொடுக்காதவர், அந்த இரவுக்குப் பிறகு திங்கட்கிழமை காலை பதினொன்றையும் திருப்பிக் கொடுத்தார். நிறுத்திய காசை நான்கு மாதத்தில் கொடுத்து முடித்தார். அதில் ஒரு நேப்பாளப் பையன் தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான். இவர் கிறிஸ்தவர், தீபாவளி கொண்டாட மாட்டார் என்று பாவம் அவனுக்குத் தெரியாது. அந்தச் சகோதரர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று அழுததாக அவர் மனைவி சொன்னார்.

கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு நிருபம் சொல்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று சட்டம் இருக்கிறது. நம் சபையில் கடை வைத்திருப்பவர்கள், உணவகம் நடத்துகிறவர்கள், ஆள் எடுத்து வேலை வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இந்தத் தேசம் ஏன் ஆசீர்வதிக்கப்படவில்லை என்று மேடையில் கேட்கும் முன் அந்தக் கடைகளின் பின்கட்டுக்குப் போய் அங்கே பாத்திரம் கழுவும் பையனிடம் கேட்க வேண்டும்.

இன்னொரு சம்பவம். இது ஞாயிறு ஆராதனையில் நடந்தது. ஒருவர் சாட்சி சொன்னார்: முடியவே முடியாது என்றிருந்த ஒரு குத்தகை, கர்த்தர் கதவைத் திறந்தார், கிடைத்துவிட்டது. எல்லாரும் 'ஸ்தோத்திரம்' என்று கை தட்டினோம். ஆராதனை முடிந்து கீழே காப்பி குடிக்கும் இடத்தில், அந்தக் கதவு திறக்க எவ்வளவு 'காப்பி காசு' கொடுத்தார் என்று அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டவர்களில் உங்களில் இரண்டு பேர் இருந்தீர்கள். 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் வாங்குகிறவனும் குற்றவாளி, கொடுக்கிறவனும் குற்றவாளி. பெரிய ஊழல்களைப் பற்றிச் செய்தி வரும்போது நாம் எவ்வளவு ஆத்திரப்படுகிறோம்! நம் ஆலயத்தில் லஞ்சத்துக்குக் கை தட்டியிருக்கிறோம் ஐயா. கர்த்தரின் பெயரைச் சொல்லித் தட்டியிருக்கிறோம்.

நானும் இதில் சேர்ந்தவள்தான். 2009-இல் ஜாலான் ஈப்போவில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதற்காக என் காரை மறித்தார்கள். லைசென்ஸுக்குள் 50 வெள்ளியை மடித்து வைத்து நீட்டினேன். விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, பெரிய அபராதத்திலிருந்து தப்புவித்தீரே என்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அந்த நன்றியைத்தான் என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அதை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னது அந்த வெள்ளி இரவில்தான். எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பாட்டி மட்டும் நகர்ந்து வந்து என் முதுகில் கை வைத்தார். அதற்குப் பிறகு இரண்டு முறை சம்மன் வந்திருக்கிறது. இரண்டையும் கட்டினேன்.

2021-ஐயும் சொல்லியாக வேண்டும். கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டில் வேலை போய், ஜூன் மாதக் கடைசியில் பசியில் இருப்பவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி ஏற்றச் சொல்லி நாடு முழுவதும் பேச்சு பரவியது. எங்கள் அடுக்குமாடியில் ஏழாவது மாடியில் ஒரு வீட்டு இரும்புக் கதவில் தலையணை உறை ஒன்று தொங்கியது. கொடிக்கு அந்த வீட்டில் வேறு வெள்ளைத் துணி இல்லை. அந்த வாரம் நம் செயற்குழு இணையத்தில் கூடியது. கட்டட நிதியிலிருந்து எடுத்துச் செலவிடலாமா என்ற பேச்சு வந்தபோது, பொறுத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. நானும் அந்தக் குழுவில் இருந்தேன், நானும் பேசாமல் இருந்தேன். ஏழாவது மாடிக்குச் சோறு கொண்டுபோனது மூன்றாவது மாடியில் நாசி லெமாக் விற்கும் மலாய்க்கார அக்கா. அவருக்கே அப்போது வியாபாரம் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது பெட்டாலிங் ஜெயாவில் சீக்கியர்களின் குருத்வாராவில் ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைத்துப் பொட்டலம் கட்டினார்கள். 'இந்தத் தேசத்துக்கு நாமே உப்பு, நாமே வெளிச்சம்' என்ற பாட்டை அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கும் நாம் பாடினோம். தேச ஜெபம் மறுபடி நேரில் தொடங்கிய முதல் இரவில் இதைத்தான் அறிக்கையிட்டோம். அதை நினைவில் வைத்துதான் 'சோர்வு தருகிறது' என்று எழுதினீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

வாலிபர்களைப் பற்றியும் சொல்கிறேன். ஏப்ரல் மாத இரவில், உணவு டெலிவரி செய்யும் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் ஜாக்கெட்டோடு வந்து பின்னால் உட்கார்ந்தான். மழையில் நனைந்திருந்தான். பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவான் என்று நினைத்தேன். நான்கு மணி வரைக்கும் இருந்தான். காப்பி ஊற்றிக் கொடுத்தபோது, "அங்கிள்மாருங்க தப்ப ஒத்துக்கிட்டத நான் வேற எங்கயும் பாத்ததே இல்ல ஆண்ட்டி" என்றான். அடுத்த மாதம் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தான். வாலிபருக்கு எது சோர்வு தருகிறது என்று சுற்றறிக்கை எழுதும் முன் இவர்களில் ஒருவனையாவது கூப்பிட்டுக் கேட்டீர்களா?

இப்போது அந்த 'அறிக்கை' என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் அப்பா அம்மா காலத்தில் அறிக்கையிடுவது என்றால் பாவத்தை ஒத்துக்கொள்வது. இப்போது, கிடைக்க வேண்டியதைக் கிடைத்துவிட்டதாக உரக்கச் சொல்வதற்கு அறிக்கை என்கிறோம். ஒரே சொல்தான். ஆனால் முதல் அறிக்கையில் முழங்கால் மடங்கும், இரண்டாவதில் கை உயரும். கை உயர்த்துவது தப்பு என்று நான் சொல்லவில்லை. முழங்காலைத் தாண்டிக் குதித்துவிட்டுக் கை உயர்த்த முடியாது என்கிறேன்.

நீங்கள் அச்சடித்திருக்கும் பதாகையைப் பாருங்கள். இரட்டைக் கோபுரம், தேசியக் கொடி, நடுவில் பொன் எழுத்தில் 'தேசத்துக்கு க்ஷேமத்தைக் கொடுப்பேன்', கீழே 2 நாளாகமம் 7:14. வேதத்தைத் திறந்து முழுசாகப் படியுங்கள்: "என் நாமம் தரிக்கப்பட்ட என் ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி, ஜெபம்பண்ணி, என் முகத்தைத் தேடி, தங்கள் பொல்லாத வழிகளைவிட்டுத் திரும்பினால்." இந்தத் 'திரும்பினால்' எங்கே போனது? நிபந்தனையை வெட்டி எறிந்துவிட்டு வாக்குத்தத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். இன்னொன்றும் கவனியுங்கள். அங்கே பொல்லாத வழி என்று சொல்லப்படுவது அரண்மனையின் வழியும் இல்லை, அக்கம்பக்கத்தார் வழியும் இல்லை. 'என் நாமம் தரிக்கப்பட்ட என் ஜனங்கள்' நடக்கும் வழி. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரும் நம்முடைய வழி.

அது சாலொமோன் ஆலயம் கட்டி முடித்தபோது இஸ்ரவேலுக்குச் சொன்னது, மலேசியாவுக்கு எப்படிப் பொருந்தும் என்று நம் வேதபாட வகுப்பில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். இந்த நாடு இஸ்ரவேல் இல்லை. 2020 கணக்கெடுப்பின்படி கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு; அதிலும் தமிழ் பேசுகிறவர்கள் ஒரு கைப்பிடி. நமக்கு இன்னும் நெருக்கமான வசனம் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் இருக்கிறது: அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானம் இருக்கையில் உங்களுக்கும் சமாதானம் இருக்கும். என் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கில் வந்து இறங்கியவர். சிறைப்பட்டு வரவில்லை, வயிற்றுப்பாட்டுக்கு வந்தார். அவர் பேரப்பிள்ளைகளுக்கு இது வந்த இடம் இல்லை, சொந்த ஊர். அப்படியென்றால் அந்தக் கடிதம் அவர்களைவிட நமக்கு எவ்வளவு அதிகமாகப் பொருந்தும்!

நம் ஜெபத்தில் 'அவர்கள்' பெருகிவிட்டார்கள் ஐயா. இரண்டு ஆண்டுகளாக ஞாயிறு ஆராதனையில் தேசத்துக்கான ஜெபம் வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் கண்களைத் திறவும். அவர்கள் திட்டங்களை முறியடியும். அவர்கள் நம்மை ஒடுக்குகிறார்கள். தானியேல் 9-ஆம் அதிகாரத்தில் உபவாசமிருந்து, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து ஜெபித்தவர் "நாங்கள் பாவஞ்செய்து, அக்கிரமக்காரராயிருந்து" என்று அறிக்கையிட்டார். தானியேல் செய்த பாவம் என்று வேதத்தில் ஒன்றுகூட எழுதப்படவில்லை. இருந்தாலும் 'நாங்கள்' என்றார். நெகேமியா "நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்" என்றார். இங்கிலீஷில் இதற்கெல்லாம் ஒரே சொல்தான். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு இருக்கிறது. மலாயிலும் கித்தா, காமி என்று அப்படியே இருக்கிறது. அரிசி நீட்டிய அந்தப் பெரியவரும் எங்கள் அம்மாவும் சேர்ந்தால் நாம், கித்தா. கர்த்தருக்கு முன்னால் எல்லாருமாகத் தலை குனிந்தால் நாங்கள், காமி. இந்த இரண்டும் ஓடும் நாட்டில் பிறந்துவிட்டு, ஜெபத்தில் மட்டும் ஏன் 'அவர்கள்' என்று பேசப் பழகினோம்?

தாழ்மை என்றால் அநியாயத்தைக் கண்டு வாயை மூடிக்கொள்வது என்று யாரும் எண்ண வேண்டாம். பாட்டியின் சிவப்பு அட்டை அநியாயம்தான். அதைப் போய்க் கேட்க வேண்டியது நம் கடமை, இத்தனை ஆண்டு கேட்காமல் இருந்தது நம் பாவம். நெகேமியா அழுது அறிக்கையிட்ட பிறகு ராஜாவின் முன்னால் நின்று, கடிதம் வேண்டும், மரம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். எருசலேமுக்குப் போனதும் சொந்த ஜனங்களிடமே வட்டி வாங்கிக் கசக்கிய பெரிய மனிதர்களைக் கூட்டி வைத்துக் கடிந்து, வயலையும் வீட்டையும் திருப்பிக் கொடுக்க வைத்தார். தன் பாவத்தை முதலில் சொன்னவர் என்பதால் ராஜாவிடமும் பேச முடிந்தது, பிரபுக்களிடமும் பேச முடிந்தது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். முதல் வெள்ளி இரவு ஜெபத்தைப் பழையபடி, பாவ அறிக்கையோடு, நம் ஆலயத்திலேயே நடத்துங்கள். மின்சாரச் செலவு பிரச்சினை என்றால் நாங்கள் 14 பேரும் தருகிறோம், குளிர்சாதனம் தேவையில்லை.

இந்த ஆண்டு ஆகஸ்ட் 8 தொடங்கி செப்டம்பர் 16 மலேசியா தினம் வரை 40 நாள் உபவாச ஜெபம் அறிவியுங்கள். முதல் நாள் இரவு முதலில் முழங்கால்படியிட்டு வாய் திறப்பவர்கள் போதகரும் மூப்பர்களுமாக இருக்கட்டும். யோனாவின் செய்தி கேட்டு நினிவேயின் ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். அங்கே மேலே இருந்தவனும் இறங்கினான் ஐயா.

ஹோட்டல் இரவை ரத்து செய்யுங்கள். முன்பணம் கட்டிவிட்டோம், முடியாது என்றால், குறைந்தது மேசைக் கட்டணத்தை எடுத்துவிட்டு யாரும் வரலாம் என்று சொல்லுங்கள். அந்தப் பதாகையில் வசனத்தை முழுதாக அச்சிடுங்கள். இடம் போதவில்லை என்றால் கோபுரங்களை எடுத்துவிடலாம்.

நம் சபையில் ஆள் வைத்து வேலை வாங்கும் ஒவ்வொருவரையும் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். பிடித்து வைத்த கடப்பிதழும் நிலுவைச் சம்பளமும் செப்டம்பர் 16-க்குள் உரியவர் கைக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். பெயர்களை மேடையில் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. லஞ்சம் கொடுத்து வாங்கியதைச் சாட்சியாகச் சொல்ல இனி ஒலிவாங்கி தராதீர்கள்.

கட்டட நிதியில் ஒரு பகுதியைப் பசியில் இருப்பவர்களுக்கென்று தனியே ஒதுக்குங்கள். அடுத்த வெள்ளைக் கொடிக்குக் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்க நேரமிருக்காது. அதை இனம், மதம் பார்க்காமல் கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் வையுங்கள்.

பாட்டியையும் அவரைப் போல நம் சபையில் நீல அட்டை இல்லாமல் இருப்பவர்களையும் தேசியப் பதிவுத் துறைக்குக் கூட்டிப்போய், படிவம் நிரப்பி, முடிவு தெரியும் வரை கூடவே அலைய இரண்டு பேரை நியமியுங்கள். அந்த இருவரில் ஒருவராக நான் வருகிறேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதிலை எழுத்தில் தாருங்கள். ஜூலை கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதைச் சபையில் வாசியுங்கள். பாட்டிக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. ஆகஸ்ட் 8 என்ற தேதியைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
1969 முதல் அந்த வெள்ளி இரவில் முழங்கால்படியிட்டு வரும் சகோதரி,
செந்தூல், கோலாலம்பூர்